4கே கல்யாண ஃபுட்டேஜை ப்ரோரெஸ் ஆக்கினால் 2 டிபி டிஸ்க் முடியும் முன்பே நிறைகிறது. என்ன வழி?

பொன்னி_வீடியோ:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். இப்போது கையில் இருக்கும் வேலையில் இரண்டு சோனி கேமரா, 4கே, 25 ஃபிரேம், 100 எம்பிபிஎஸ். கொஞ்சம் ட்ரோன் ஷாட், கொஞ்சம் பெண் வீட்டார் போனில் எடுத்தது. வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து 9 மணி நேரம் வருகிறது. கார்டிலிருந்து காப்பி செய்தபோது மொத்தம் 400 ஜிபி சொச்சம்.

அப்படியே டைம்லைனில் போட்டால் திக்கித் திணறி ஓடுகிறது. கம்ப்யூட்டர் 7ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம். எல்லாவற்றையும் ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ (எடிட்டிங்குக்கான ஆப்பிளின் உயர்தர வீடியோ வடிவம்) ஆக்கிவிட்டு எடிட் செய் என்றுதான் தொழிலில் பலரும் சொல்கிறார்கள். அதன்படி மாற்றப் போட்டேன். மூன்றில் இரண்டு பங்கு கிளிப் முடிவதற்குள் 2 டிபி டிஸ்க் நிறைந்துவிட்டது. 400 ஜிபி ஏன் இப்படிப் பெருக்கிறது? தை மாதம் அடுத்தடுத்து முகூர்த்தம். ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு 4 டிபி டிஸ்க் வாங்கினால் கூலியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எடிட்டறை:

டிஸ்க் நிறைந்தது சரியான கணக்குதான் தம்பி. மாற்றும் முன்பே இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். பிட்ரேட்டை, அதாவது வினாடிக்கு எத்தனை மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்பதை, 0.45 ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று கிடைக்கும். உங்கள் கேமரா 100 எம்பிபிஎஸ், அதாவது மணிக்கு 45 ஜிபி. 9 மணிக்கு 405. சரியாக வருகிறதா? ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ 4கே 25 ஃபிரேமுக்கு 737 எம்பிபிஎஸ். மணிக்கு 332 ஜிபி. 9 மணிக்குக் கிட்டத்தட்ட 3 டிபி. 2 டிபி டிஸ்க்கில் 6 மணி நேர ஃபுட்டேஜ்தான் அடங்கும்.

ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், கேமரா எழுதும் எச்.264 வடிவம் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதுவதில்லை. ஒரு முழு ஃபிரேம், அதற்குப் பிறகு வருபவற்றில் மாறியது மட்டும். பல கேமராக்களில் அரை வினாடிக்கு ஒருமுறைதான் முழு ஃபிரேம் வரும். மணமேடையில் பின்னணிப் பூ அலங்காரம் அசையாது, மாப்பிள்ளையின் கை மட்டும் அசைகிறது என்றால் கை மட்டும் எழுதப்படும். ப்ரோரெஸ் அப்படியல்ல, பூ அலங்காரத்தையும் சேர்த்து வினாடிக்கு 25 தடவை முழுதாக எழுதும்.

இடம் பிடித்தாலும் எடிட்டிங்குக்கு அது ஏன் சுகமாக இருக்கிறது என்பதைப் பார்க்க, தாலி முடிச்சுப் போடும் இடத்தில் டைம்லைனை நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாகப் பின்னால் நகர்த்துங்கள். எச்.264 என்றால், ஒரு ஃபிரேம் பின்னால் போகவும் மென்பொருள் முந்தைய முழு ஃபிரேம் வரை ஓடி, அங்கிருந்து மறுபடி கட்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டு கேமராவையும் ஒரே நேரத்தில் ஓட்டும் மல்டிகேமில் போட்டால் அந்த வேலை இரண்டு மடங்கு. திணறுவது அதனால்தான். ப்ரோரெஸில் எந்த ஃபிரேமைக் கேட்டாலும் அது தனியாகவே நிற்கும், உடனே வந்துவிடும்.

ஆனால் ஒன்று. மாற்றுவதால் தரம் ஒரு துளியும் ஏறாது. கேமரா எழுதாத விவரத்தை 737 எம்பிபிஎஸ் கொடுத்தாலும் யாரும் கொண்டுவர முடியாது. நீங்கள் வாங்குவது வேகம் மட்டும். வேகத்துக்கு மட்டும் என்றால் எதற்கு ஹெச்க்யூ? வெட்டுவதற்கு மட்டும் போடும் சிறிய நகல், அதாவது ப்ராக்ஸி போதும்.

வைகைக்கரை:

எடிட்டறை சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. நான் எல்லாவற்றையும் மாற்றித்தான் எடிட் செய்கிறேன், அதற்குக் காரணமும் இருக்கிறது. ப்ராக்ஸி என்றால் ஒரே கிளிப்புக்கு இரண்டு ஃபைல். டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் இணைப்பு அறுந்துபோகும். கலருக்கு வேறு ஆளிடம் கொடுத்தால் அவர் எதைத் திறக்கிறார் என்று தெரியாது. முழுதாக மாற்றிவிட்டால் ஒரே செட், எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம். சில மென்பொருள்களின் இலவசப் பதிப்பு 10 பிட் (நிறத்தை 8 பிட்டைவிட நுணுக்கமாக எழுதும்) கிளிப்பைத் திறக்கவே திறக்காது. அப்போது மாற்றுவதைத் தவிர வழியே இல்லை. எஃபெக்ட், ஸ்டெபிலைசேஷன், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் போட்டு எக்ஸ்போர்ட் செய்யும்போதும் ப்ரோரெஸில் வேலை தடங்கலில்லாமல் போகிறது.

ஹெச்க்யூ தேவையில்லை என்பது சரி. 8 பிட் ஃபுட்டேஜுக்கு எல்டி என்ற சிறிய ப்ரோரெஸ் வகை போதும். 4கே 25க்கு 342 எம்பிபிஎஸ், மணிக்கு 154 ஜிபி. பொன்னி, உங்கள் 9 மணி நேரம் 1.4 டிபியில் முடிந்துவிடும். அந்த 2 டிபி டிஸ்க்கே தாங்கும்.

எடிட்டறை:

வைகை அண்ணா சொல்லும் காரணங்கள் நியாயமானவை, குறிப்பாக ஃபைல் கை மாறும்போது. ஆனால் பொன்னியின் டிஸ்க் யுஎஸ்பியில் மாட்டும் சாதாரண ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். பிட்ரேட்டை 8 ஆல் வகுத்தால் டிஸ்க் வினாடிக்கு எத்தனை எம்பி தர வேண்டும் என்று வரும். ஹெச்க்யூ 92 எம்பி. மல்டிகேமில் இரண்டு கேமரா ஒரே நேரத்தில் ஓடினால் 184, ட்ரோன் ஷாட்டையும் மாற்றி மேலே வைத்தால் 276. சுற்றும் தட்டு டிஸ்க்கால் அதைத் தர முடியாது. அதிலும் மூன்று ஃபைலுக்கு மாறி மாறித் தாவிப் படிக்கும்போது வேகம் இன்னும் விழும். எல்டி என்றால் மூன்றுக்கும் சேர்த்து 128 எம்பி, அதுவும் இழுபறிதான். ஒரிஜினலோ மூன்று சேர்ந்தாலும் 38 எம்பிதான் கேட்கிறது.

ஆக, ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு 4கே ப்ரோரெஸ் ஆக்கினால் ப்ராசஸரில் இருந்த நெரிசல் டிஸ்க்குக்கு இடம் மாறும், அவ்வளவுதான். 3 டிபி செலவழித்தும் டைம்லைன் நிற்கும்போது, ப்ரோரெஸ் ஆக்கியும் ஏன் ஓடவில்லை என்று பலர் குழம்புவது இங்கேதான்.

அவிட்_நாட்கள்:

இந்தக் கேள்வி எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு வந்த நாளிலிருந்து இருக்கிறது. அவிட் என்ற எடிட்டிங் கருவி 1989இல் வந்தபோது டிஸ்க் தங்கம் விலை. அதனால் மோசமான தரத்தில் படத்தை உள்ளே ஏற்றி, வெட்டி முடித்து, அந்த வெட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துப் போய் அசல் டேப்பில் அல்லது நெகட்டிவில் சேர்ப்போம். ஆஃப்லைன், ஆன்லைன் என்று அதற்குப் பெயர். கட்டம் கட்டமாகத் தெரியும் படத்தை வைத்துக்கொண்டு முழுநீளப் படங்களை வெட்டியிருக்கிறார்கள். கண் எங்கே திரும்புகிறது, உதடு எப்போது மூடுகிறது என்பது தெரிந்தால் வெட்டலாம். 2004இல் அவிட்டின் டிஎன்எக்ஸ்ஹெச்டி, 2007இல் ப்ரோரெஸ் வந்தபோது டிஸ்க்கும் மலிந்து ஒரே தரத்தில் முழு வேலையும் முடிகிற காலம் வந்தது. 4கே வந்து மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டது. ப்ராக்ஸி என்று இப்போது சொல்வது அந்த ஆஃப்லைனைத்தான். பயப்படாமல் சின்ன ஃபைலில் வெட்டுங்கள் தம்பி.

பொன்னி_வீடியோ:

எல்லோருக்கும் நன்றி. வினாடிக்கு எத்தனை எம்பி என்ற கணக்கை இதுவரை யாரும் சொன்னதில்லை. என்னுடையது யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்தான். கம்ப்யூட்டருக்குள் 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று இருக்கிறது, அதில் 250 ஜிபி காலி. ப்ராக்ஸி என்றால் என்ன அளவில், எந்த கோடெக்கில் (வீடியோவை அழுத்தி எழுதும் முறை) போடுவது? அடோபி ப்ரீமியரில் எடிட் செய்கிறேன்.

யாழ்_ஒளி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் கல்யாண வீடியோதான் தொழில், இதே வழியில்தான் செய்கிறோம்.

1080 அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி போடுங்கள். 25 ஃபிரேமுக்கு 38 எம்பிபிஎஸ், மணிக்கு 17 ஜிபி. 9 மணிக்கு 153 ஜிபி, உங்கள் எஸ்எஸ்டியில் அடங்கிவிடும். அவிட்டின் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி போட்டாலும் ஏறக்குறைய அதே அளவுதான். 2018 கடைசியிலிருந்து விண்டோஸ் ப்ரீமியரே ப்ரோரெஸ் எழுதுகிறது, தனி மென்பொருள் வேண்டியதில்லை. ஒரிஜினல் யுஎஸ்பி டிஸ்க்கிலேயே இருக்கட்டும். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் ப்ராக்ஸி தயாராக இருக்கும்.

720 அளவில் எச்.264 ப்ராக்ஸி போடச் சொல்வார்கள். 6 எம்பிபிஎஸ் வைத்தால் 9 மணி நேரமும் 25 ஜிபிக்குள் அடங்கிவிடும். லேப்டாப்பில் கொண்டுபோக நல்லது. ஆனால் அதுவும் மாறியதை மட்டும் எழுதும் வகைதான் என்பதால், பின்னால் நகர்த்தும்போது ப்ரோரெஸ் அளவுக்கு இலகுவாக இராது. உங்களிடம் எஸ்எஸ்டியில் இடம் இருப்பதால் ப்ரோரெஸையே போடுங்கள்.

இனி மிக முக்கியமான விஷயம். இரண்டு சோனி கேமராவும் கிளிப்புக்கு சி0001, சி0002 என்றே பெயர் வைக்கும். கார்டை ஃபார்மட் செய்தால் சில அமைப்புகளில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். எல்லா ப்ராக்ஸியையும் ஒரே ஃபோல்டரில் எழுதவிட்டால் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் மோதும். வரவேற்பு கிளிப்புக்கு முகூர்த்தத்தின் ப்ராக்ஸி ஒட்டிக்கொண்டால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. கார்டு ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர் வையுங்கள். வரவேற்பு கேமரா ஏ கார்டு 1, வரவேற்பு கேமரா பி கார்டு 1 என்று. ப்ராக்ஸி ஃபோல்டரையும் அதே அமைப்பில் போடுங்கள். கார்டுக்குள் இருக்கும் உள் ஃபோல்டர்களைக் குலைக்காமல் அப்படியே காப்பி செய்ய வேண்டும்.

ப்ராக்ஸியின் ஆடியோ சேனல் எண்ணிக்கையும் ஒரிஜினலோடு ஒத்திருக்க வேண்டும். ஒரிஜினலில் இரண்டு சேனல் இருந்து ப்ராக்ஸியில் ஒன்று என்றால் ப்ரீமியர் இணைக்க மறுக்கும். ஃபிரேம் ரேட்டும் அதே 25தான்.

தறிநூல்:

நான் வேறு மாதிரி செய்கிறேன். கார்டிலிருந்து எடுத்ததை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எச்.265 (எச்.264ஐ விட அதிகமாக அழுத்தும் வடிவம்) ஆக்கி மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு, ஒரிஜினலை அழித்துவிடுவேன். பார்ட்டி டிவியில் பார்க்கும்போது யாரும் ஒன்றும் சொன்னதில்லை. டிஸ்க் செலவும் மிச்சம். இதில் என்ன தவறு?

கலர்டேபிள்:

நண்பரே, தயவுசெய்து ஒரிஜினலை அழிக்காதீர்கள். கலர் வேலை செய்பவனாகச் சொல்கிறேன்.

கேமரா தரும் 4:2:0 வகையில் வெளிச்ச விவரம் ஒவ்வொரு பிக்சலுக்கும் இருக்கும். நிற விவரம் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். கூறைப்புடவை அரக்குச் சிவப்பில் இருக்கிறது, ஓரத்தில் மெல்லிய ஜரிகை. சிவப்பில் வெளிச்சம் குறைவு, நிறம் அதிகம். அதாவது கேமரா எதைக் குறைவாக எழுதுகிறதோ அதுதான் அங்கே நிறைந்திருக்கிறது. ஜரிகையும் பட்டும் சேரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஏற்கெனவே படிக்கட்டுப் போலத்தான் இருக்கும். அதை இன்னொருமுறை குறைந்த பிட்ரேட்டில் அழுத்தினால் ஜரிகையின் கோடுகள் கரைந்து மஞ்சள் திட்டாகிவிடும். மண்டபத்து வெளிச்சம் குறைந்து ஐஎஸ்ஓ ஏறியிருந்தால் இன்னும் மோசம். நாய்ஸை, அதாவது படத்தில் வரும் புள்ளிகளை எழுதவே பிட் எல்லாம் செலவாகும், முகத்துக்கு மிஞ்சாது. அதன் மேல் கலர் ஏற்றும்போது கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். டிவியில் பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம், அவர் ஒரிஜினலைப் பார்த்ததில்லை.

தவிர, ஒரு கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாது. வருஷம் கழித்துத் தாத்தா பேசியதை மட்டும் தனியாகத் தாருங்கள் என்று கேட்டு வருவார்கள். அப்போது கொடுப்பதற்கு அசல் இருக்க வேண்டும்.

இடம்தான் பிரச்சினை என்றால் அழுத்தாமலே குறைக்க வழி இருக்கிறது. லாஸ்லெஸ்கட் என்ற இலவச மென்பொருள், படத்தை மறுபடி என்கோட் செய்யாமல் வேண்டாத பகுதியை மட்டும் வெட்டி எறியும். வெட்டு முழு ஃபிரேம் இருக்கும் இடத்தில்தான் விழும், அரை வினாடி முன்பின் ஆகும், அதனால் கொஞ்சம் தள்ளியே வெட்டுங்கள். வரவேற்பில் ட்ரெடிஷனல் கேமரா மேடையைப் பார்த்து நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் காலி நாற்காலி, ஆஃப் செய்ய மறந்து தரையைப் படம் பிடித்தது என்று எவ்வளவோ போகும். அதை எறியலாம், ஒருவருக்கும் நஷ்டமில்லை. வெட்டிய ஃபைலை ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.

தறிநூல்:

கூறைப்புடவை விளக்கம் புரிகிறது சார். என்னிடம் இருக்கும் பழைய வேலை ஒன்றில் ஜரிகை ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரிதான் இருக்கிறது. லாஸ்லெஸ்கட் போட்டுப் பார்க்கிறேன்.

நாதஸ்வரம்77:

பொன்னி போனில் எடுத்த கிளிப்பும் இருக்கிறது என்றார், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. போன் பெரும்பாலும் ஒரே சீரான ஃபிரேம் ரேட்டில் எழுதாது. வெளிச்சம் குறைந்தாலோ சூடானாலோ 30 என்பது 29, 27 என்று ஆடும். சின்ன கிளிப்பில் தெரியாது. முழு மாங்கல்யதாரணத்தையும் ஒரே ஷாட்டாக எடுத்திருந்தால், கெட்டிமேளம் தொடங்கும் இடத்தில் சிங்க் செய்தாலும் அட்சதை போட்டு முடிப்பதற்குள் தவில்காரர் கை ஓரிடம், சத்தம் ஓரிடம் ஆகிவிடும்.

போன் கிளிப்பை மட்டும் ப்ராக்ஸியாக்காமல் முழுதாகவே மாற்றுங்கள். ஷட்டர் என்கோடர் இலவசம், அதில் நிலையான ஃபிரேம் ரேட் கொடுத்து ப்ரோரெஸ் எல்டி ஆக்கலாம். போன் கிளிப் மொத்தமே அரைமணி நேரம்தான் இருக்கும், நூறு ஜிபிக்கு மேல் போகாது. இங்கே இடத்தைப் பார்க்கக் கூடாது.

சிங்க் செய்ய கெட்டிமேளத்தை நம்புவதும் நல்ல வழக்கம். ஆடியோ அலையில் அந்த இடம் சுவர் மாதிரி எழும், எந்த கேமராவின் மைக்கிலும் தவறாது.

வைகைக்கரை:

எடிட்டறை சொன்ன டிஸ்க் கணக்கைப் பார்த்த பிறகு ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், ஹார்ட் டிஸ்க்கில் வேலை செய்பவருக்கு என் வழி பொருந்தாது. நான் எஸ்எஸ்டியில் வேலை செய்வதால் எனக்கு ஓடுகிறது. ஆனால் கலர் ஆளிடம் போகும் வேலைக்கு ப்ரோரெஸ்தான் என்பதில் மாற்றமில்லை. இரண்டையும் சேர்த்து இப்படிச் செய்யலாம்.

ப்ராக்ஸியில் முழு எடிட்டையும் முடியுங்கள். கேண்டிட் படம் கடைசியில் 20 நிமிடம்தான். வெட்டு உறுதியான பிறகு, டைம்லைனில் இருக்கும் பகுதிகளை மட்டும் முன்பின் ஒரு வினாடி உபரி (கைப்பிடி) விட்டு, ஒரிஜினலிலிருந்து ப்ரோரெஸ் ஹெச்க்யூ ஆக்குங்கள். ப்ரீமியரில் ப்ராஜெக்ட் மேனேஜர், ரிசால்வ் மென்பொருளில் மீடியா மேனேஜ்மென்ட். 20 நிமிடத்துக்கு 110 ஜிபி, கைப்பிடிகளோடு 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 டிபி எங்கே, இது எங்கே. அதை ஒரு எஸ்எஸ்டியில் போட்டுக் கலருக்கு அனுப்புங்கள். அவர் கையில் ஒரே செட், ஒரே தரம்.

மூன்று மணி நேர ட்ரெடிஷனல் வீடியோவுக்கு இதெல்லாம் தேவையில்லை. ப்ராக்ஸியில் வெட்டி, ஒரிஜினலிலிருந்து நேரே எக்ஸ்போர்ட்.

கலர்டேபிள்:

இதை வழிமொழிகிறேன், எனக்கு இப்படித்தான் வர வேண்டும். ஸ்டெபிலைசேஷனும் வேக மாற்றமும் போட்டிருக்கும் ஷாட்களைத் தனியாகக் குறித்து அனுப்புங்கள். ட்ரிம் செய்யும்போது தகராறு வருவது அந்த ஷாட்களில்தான்.

பொன்னி_வீடியோ:

யாழ் ஒளி அண்ணா சொன்னபடி ப்ராக்ஸி போட்டாயிற்று, 150 ஜிபிக்குக் கொஞ்சம் மேல் வந்தது. மல்டிகேம் இப்போது தடையில்லாமல் ஓடுகிறது, பின்னால் நகர்த்தினாலும் நிற்கவில்லை. போன் கிளிப்பைத் தனியாக மாற்றிவிட்டேன். பாதி எழுதி நின்ற ஹெச்க்யூ ஃபைல்களை அழித்து டிஸ்க்கைக் காலி செய்தேன். இன்னும் இரண்டு சந்தேகம். எக்ஸ்போர்ட் செய்யும்போது ப்ராக்ஸி தரத்தில் வந்துவிடுமா? வேலை முடிந்ததும் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது?

எடிட்டறை:

ப்ரீமியர் எக்ஸ்போர்ட்டுக்குத் தானாகவே ஒரிஜினலைத்தான் எடுக்கும். ப்ராக்ஸியைப் பயன்படுத்தச் சொல்லும் பெட்டியில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும். ஒரிஜினல் இருக்கும் யுஎஸ்பி டிஸ்க் அப்போது மாட்டியிருக்க வேண்டும். கலர் பார்க்கும்போதும் ஃபோகஸ் பார்க்கும்போதும் ப்ராக்ஸி பட்டனை அணைத்துவிட்டுப் பாருங்கள். 1080 ப்ராக்ஸியில் கூர்மையாகத் தெரியும் கண், 4கேயில் லேசாக மசங்கியிருக்கலாம்.

வைத்துக்கொள்ள வேண்டியவை ஒரிஜினல், ப்ராஜெக்ட் ஃபைல், பாட்டு, டைட்டில், முடிந்த வீடியோ. ஒரிஜினலும் ப்ராஜெக்ட்டும் இரண்டு டிஸ்க்கில், இரண்டு இடத்தில். ப்ராக்ஸியை டெலிவரி முடிந்ததும் அழித்துவிடலாம், தேவைப்பட்டால் ஒரே இரவில் மறுபடி வரும். ப்ரீமியரின் மீடியா கேஷ் (தற்காலிக ஃபைல்கள்) ஃபோல்டரையும் பாருங்கள். அமைப்பை மாற்றாவிட்டால் அது சி டிரைவில் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டே இருக்கும். நாள்கணக்கு வைத்துத் தானாக அழிக்கும்படி ப்ரிஃபரன்ஸில் வைக்கலாம்.

பச்சைத்திரை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் கேமரா எச்.265, 10 பிட், 4:2:2 (நிற விவரம் இரண்டு பிக்சலுக்கு ஒன்று). புது கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன். நல்ல கம்ப்யூட்டர் வாங்கினால் ப்ராக்ஸி இல்லாமலே எடிட் செய்ய முடியுமா?

யாழ்_ஒளி:

முடியும், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். இந்த வகைக் கிளிப்பை வேகமாகத் திறக்கும் வன்பொருள் இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து அதன் உள்கிராஃபிக்ஸில் இருக்கிறது. என்விடியாவில் 50 வரிசை கார்டிலிருந்துதான் 4:2:2 வந்தது, அதற்கு முந்தையது எவ்வளவு விலையானாலும் இந்த வகையைத் தொடாது. ஆப்பிளில் எம்1 முதலே உண்டு.

கடைக்காரர் விலை குறைவு என்று எஃப் எழுத்தில் முடியும் இன்டெல் ப்ராசஸரைக் காட்டுவார். அதில் உள்கிராஃபிக்ஸ் கிடையாது. கேமிங்குக்கு ஒன்றும் குறையில்லை, உங்கள் ஃபுட்டேஜுக்கு அது ஆகாது. பில் போடும் முன் மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரீமியரிலும் ஹார்ட்வேர் டீகோடிங்கில் இன்டெல் டிக் ஆகியிருக்க வேண்டும். இரண்டு கேமரா மல்டிகேம் வரை ப்ராக்ஸி இல்லாமல் ஓட்டலாம். மூன்றாவது கேமரா சேர்ந்தால் எங்கள் கம்ப்யூட்டரில் ப்ராக்ஸிதான் போடுகிறோம்.